வாஷ்பேசின் மேடையில் விடாக்கறையா? செட்டிநாட்டு வீட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

காரைக்குடியில் வாடகைக்குக் குடிவந்திருப்பீர்கள். கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டை விருந்தினர் விடுதியாக நடத்தத் தொடங்கியிருப்பீர்கள். அல்லது வெளியூரில் இருக்கும் பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து பூர்வீக வீட்டுச் சாவியை உங்கள் கையில் கொடுத்திருப்பார்கள். எப்படியானாலும், கதவைத் திறந்து ஒவ்வோர் அறையாகப் பார்த்துக்கொண்டு வரும்போது பாத்ரூமில் வாஷ்பேசின் மேடையைப் பார்த்ததும் மனசு சோர்ந்துபோகும். குழாயடியில் வெள்ளை உப்பு, எண்ணெய்க் கிண்ணம் வைத்த இடத்தில் கருவட்டம், மூலையில் துரு. உடனே கை எலுமிச்சம்பழத்துக்கோ ஆசிட் பாட்டிலுக்கோ போகும். இரண்டையும் தயவுசெய்து கீழே வையுங்கள். இந்த ஊர்ப்பக்கம் நல்ல கற்கள் பாழானதற்குக் கறையைவிடக் கறை எடுத்த முறைதான் பெரிய காரணம்.

முதலில் கல் எது என்று தெரியட்டும்

பழைய செட்டிநாட்டு வீடுகளில் குளியலும் கழுவலும் பின்கட்டில், கிணற்றடியில்தான். அறைக்குள்ளேயே பாத்ரூம் என்பது பெரும்பாலும் பிறகு சேர்த்தது. சேர்க்கும்போது கையில் இருந்த கல்லைப் போட்டிருப்பார்கள். ஒரு வீட்டில் தரைக்குப் போட்டு மிஞ்சிய இத்தாலிய மார்பிள், இன்னொன்றில் கடப்பா, புதிதாகக் கட்டிய பகுதியில் கருப்பு கிரானைட், விடுதியாக மாற்றிய வீடுகளில் அழகுக்காக ஆத்தங்குடி டைல். ஒரே வீட்டில் மாடியில் ஒன்று, கீழே ஒன்று இருப்பதும் சகஜம்.

மார்பிள் என்பது கால்சியம் கார்பனேட். கடப்பா கல்லும் சுண்ணாம்புக் கல் வகைதான், நிறம்தான் கருப்பு. ஆத்தங்குடி டைல் சிமெண்டும் மணலும் நிறப்பொடியும் சேர்த்துக் கண்ணாடித் தகட்டின் மேல் வார்த்துச் செய்வது, சூளையில் சுடுவதில்லை. இந்த மூன்றையும் புளிப்பு அரித்துவிடும். எலுமிச்சை, வினிகர், புளி எதுவாக இருந்தாலும் சரி. குழாயடியில் படியும் வெள்ளை உப்பும் பெரும்பாலும் அதே கால்சியம் கார்பனேட்தான். அதைக் கரைக்கிற எந்தப் புளிப்பும் கீழே இருக்கிற கல்லையும் சேர்த்தே கரைக்கும். உப்பு போய்விடும், அதோடு பளபளப்பும் போய், தண்ணீர் காய்ந்த பிறகு வெளிறிய ஒரு தடம் தெரியும். பலர் அதையும் கறை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் எலுமிச்சை தேய்ப்பார்கள். அது கறை இல்லை, கல் அரிபட்ட இடம்.

கிரானைட், பீங்கான், விட்ரிஃபைடு டைல் ஆகியவை மென்மையான புளிப்பைத் தாங்கும்.

கருப்புக் கல்லில்தான் குழப்பம் அதிகம். கடப்பாவா கிரானைட்டா என்று பார்த்த மாத்திரத்தில் எல்லோருக்கும் தெரியாது. கிரானைட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மணிமணியாகப் பொடிப் பளபளப்பு தெரியும். கடப்பா ஒரே சீராக இருக்கும். சந்தேகம் தீரவில்லை என்றால், மேடையின் அடிவிளிம்பிலோ சுவரை ஒட்டிய மறைவான மூலையிலோ ஒரே ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு இரண்டு நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். பொரிந்தாலோ, அந்த இடம் மங்கினாலோ, சுண்ணாம்புக் கல் இனம். ஒன்றும் ஆகவில்லை என்றால் கிரானைட் என்று எடுத்துக்கொண்டு வேலை செய்யலாம். மார்பிள் மாதிரியே வரி போட்ட டைலுக்கும் இதே சோதனைதான். கண்ணில் படுகிற இடத்தில் மட்டும் செய்துவிடாதீர்கள்.

கருப்பு கிரானைட்டில் இன்னொரு விஷயம். மட்டமான கல்லுக்குக் கருஞ்சாயம் ஏற்றி விற்பதும் உண்டு. வெள்ளைத் துணியில் கொஞ்சம் அசிட்டோன் (நகப்பூச்சை அகற்றுகிற திரவம்) நனைத்து ஓரத்தில் தேயுங்கள். துணியில் கருப்பு ஒட்டினால் அந்தக் கல்லில் அசிட்டோன் வேலையே வேண்டாம்.

எந்தக் கறைக்கும் முதல் வேலை

கறை என்று நாம் நினைப்பதில் பாதி, சோப்பும் அழுக்கும் உப்பும் சேர்ந்த மேல்படலம்தான். மேடையில் இருக்கிற பாட்டில், டம்ளர், சோப்புப் பெட்டி எல்லாவற்றையும் இறக்குங்கள். இளஞ்சூடான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு கலந்து, பருத்தித் துணியை நனைத்து மேடை முழுக்கப் பரப்பி, கால் மணி நேரம் விடுங்கள். அப்புறம் மெத்தென்ற ஸ்பாஞ்சால் வட்டமாகத் தேய்த்து, நல்ல தண்ணீரில் இரண்டு தரம் துடைத்து, உலர்ந்த துணியால் ஈரத்தை எடுத்துவிடுங்கள். பச்சை ஸ்க்ரப்பரும் கம்பி நாரும் மார்பிளிலும் கடப்பாவிலும் கீறல் போடும். கம்பி நாரிலிருந்து உதிரும் இழை ஈரத்தில் கிடந்து புதிதாகத் துருக்கறை வேறு உண்டாக்கும்.

மேடை முழுசாகக் காய்ந்த பிறகு, மறுநாள் காலை வெளிச்சத்தில் திரும்பப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது எந்தக் கல்லும் அழகாகத்தான் தெரியும். காய்ந்த பிறகும் நிற்பதுதான் உண்மையான கறை.

உப்பு

காரைக்குடிச் சம்பை ஊற்றுத் தண்ணீரின் ருசியைப் பேசாதவர்கள் கிடையாது. ஆனால் எல்லா வீட்டுக் குழாயிலும் அது வருவதில்லை. போர் தண்ணீர் வருகிற வீடுகளில் பலவற்றில் உப்பு உண்டு. தண்ணீர் சூட்டில் ஆவியாகப் போக, கால்சியமும் மெக்னீசியமும் மட்டும் மேடையில் தங்கிவிடும். குழாயடியைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்த்தால் சொரசொரவென்று ஒரு விளிம்பு தட்டுப்படும். அதை நகத்தால் நெருடினால் செதிலாகப் பெயரும். ஒழுகும் குழாய் என்றால் அந்த விளிம்பு அடுக்கடுக்காக ஏறி, பழுப்பு நிறம்கூடப் பிடித்திருக்கும்.

கிரானைட்டிலும் பீங்கானிலும் வேலை சுலபம். சமையல் வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியை நனைத்து உப்பின் மேல் பத்து நிமிடம் போடுங்கள். எடுத்துத் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கெட்டியான படிவு என்றால் இன்னும் இரண்டு தரம் செய்யலாம். ஒரே தடவையில் இரவு முழுக்க ஊறப்போடுவது வேண்டாம். கிரானைட்டின் மேல் சீலர், அதாவது தண்ணீரும் எண்ணெயும் கல்லுக்குள் இறங்காமல் தடுக்கிற பூச்சு, இருந்தால் அது போய்விடும்.

மார்பிள், கடப்பா, ஆத்தங்குடி என்றால் கையால்தான் எடுக்க வேண்டும், வேறு வழி இல்லை. சோப்புத் தண்ணீர் நனைத்த துணியை உப்பின் மேல் கால் மணி நேரம் போட்டு இளக விடுங்கள். பழைய ஏடிஎம் அட்டை ஒன்றை எடுத்து, அதன் விளிம்பால் ஓரத்திலிருந்து உள்நோக்கித் தள்ளுங்கள். அதற்கும் அசையாத இடத்தில் மட்டும் புது ஷேவிங் பிளேடு. கல்லை ஈரமாக வைத்துக்கொண்டு, பிளேடைக் கிட்டத்தட்டப் படுக்கப் பிடித்து, ஒரே திசையில் தள்ள வேண்டும். செங்குத்தாகப் பிடித்தால் கோடு விழும். பிளேடில் ஒரு சிறு பல் விழுந்தாலும் மாற்றிவிடுங்கள். பொறுமை வேண்டிய வேலைதான். ஒரு குழாயடிக்கு அரை மணி நேரம்கூட ஆகும். ஆனாலும் கல் பிழைக்கும். ஆத்தங்குடி டைலில் பிளேடு வேண்டாம். அட்டையோடு நிறுத்திக்கொண்டு, அடுத்த நாள் திரும்பத் துணி போட்டு ஊறவையுங்கள்.

குழாய்க்கு மட்டும் வினிகர் வேண்டும் என்றால், ஒரு சிறு பிளாஸ்டிக் பையில் கொஞ்சம் ஊற்றிக் குழாயின் வாய் அதில் மூழ்கும்படி ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்கள். கீழே மார்பிள் இருந்தால் அகலத் தட்டு ஒன்றை வைத்துவிட்டுச் செய்யுங்கள். பையை அவிழ்க்கும்போதுதான் சொட்டு விழும்.

கடைசித் துடைப்புக்கு அதே போர் தண்ணீரைப் பயன்படுத்தினால் உப்பு திரும்பவும் வரும். இந்த ஊர்க்காரர்கள் மழைத்தண்ணீரின் அருமை தெரிந்தவர்கள். ஊருக்கு ஊர் ஊருணி வெட்டி வைத்தார்கள், வளவு முற்றத்தில் விழுகிற மழையை அண்டாவில் பிடித்தார்கள். உங்கள் வீட்டில் மழைத்தண்ணீர்த் தொட்டி இருந்தால் ஒரு சிறு வாளி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஆர்ஓ தண்ணீர் ஒரு செம்பு போதும்.

எண்ணெய்க்குப் பற்று

இந்த வட்டாரத்து மேடைகளில் அதிகம் பார்க்கிற கறை இதுதான். எண்ணெய்க் குளியல் நாளன்று நல்லெண்ணெயைக் காய்ச்சிக் கிண்ணத்தோடு மேடையில் வைப்பார்கள். கிண்ணத்தின் அடியில் வழிந்த எண்ணெய் கல்லுக்குள் இறங்கிவிடும். மேலே தொட்டால் பிசுபிசுப்பே இருக்காது. ஆனால் அந்த இடம் மட்டும் எப்போதும் ஈரமாக இருப்பதுபோல் கருத்துத் தெரியும். மேலே எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாது, ஏனென்றால் எண்ணெய் கல்லின் துளைகளுக்குள் இருக்கிறது. அதை உள்ளிருந்து உறிஞ்சி எடுக்க வேண்டும். வீக்கத்துக்குப் பற்றுப் போடுகிற மாதிரிதான் இதுவும்: குழைத்துப் பூசி, காய விட்டு, உதிர்த்து எடுப்பது.

உறிஞ்சும் பொடி ஏதாவது ஒன்று வேண்டும். ஆப்ப சோடா, மைதா, நிறமில்லாத முகப் பவுடர் எதுவும் சரி. இரண்டு மேசைக்கரண்டிப் பொடியை ஒரு பீங்கான் கிண்ணத்தில் போட்டு, அசிட்டோன் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, வழியாமல் நிற்கும் பதத்தில் குழையுங்கள். அசிட்டோன் எளிதில் தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். விளக்கு, ஊதுபத்தி, கெய்சர் அடுப்பு எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அசிட்டோன் பிடிக்காது என்றால் தண்ணீரும் பாத்திரத் திரவமும் கலந்து குழைக்கலாம். வேகம் குறைவு, அவ்வளவுதான்.

கறையை முதலில் சுத்தமான தண்ணீரால் லேசாக நனையுங்கள். அசிட்டோன் பற்று என்றால் தண்ணீர் வேண்டாம், அசிட்டோனையே ஒரு சொட்டு தொட்டுக்கொள்ளுங்கள். பற்றைக் கறையின் மேல் அரை சென்டிமீட்டர் கனத்துக்கு, கறையின் விளிம்பைத் தாண்டி ஒரு விரற்கடை அகலம் வரைக்கும் பரப்புங்கள். பிளாஸ்டிக் தாளால் மூடி, நாலு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு நாள் முழுக்க விடுங்கள்.

அப்புறம் செய்வதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். தாளை எடுத்தவுடன் பற்றையும் வழித்துவிடக் கூடாது. திறந்த நிலையில் அது எலும்பாகக் காய வேண்டும். காயும்போதுதான் கல்லுக்குள் இளகிய எண்ணெய் மேலே ஏறிப் பொடியில் தங்கும். ஓரங்கள் வெடித்து, தானாகவே கல்லை விட்டுக் கிளம்புகிற வரைக்கும் காத்திருங்கள். வெள்ளைப் பொடியின் அடிப்பக்கம் மஞ்சளாக மாறியிருந்தால் வேலை நடந்திருக்கிறது. மரக்கரண்டியால் வழித்து, துடைத்து, கல் காய்ந்த பிறகு பாருங்கள். பழைய எண்ணெய் என்றால் ஒரு பற்றில் போகாது. நிறம் கொஞ்சம் வெளுத்திருந்தால் அதே மாதிரிப் புதிதாகக் குழைத்து இன்னொரு பற்றுப் போடலாம். இரண்டு மூன்று தரம் போட்டும் துளி மாற்றமும் இல்லை என்றால் அந்தக் கறை எண்ணெய் இல்லை என்று அர்த்தம்.

மஞ்சள், மருதாணி, தலைச்சாயம், வெற்றிலை

கல்யாணமோ, முன்னோருக்குச் செய்கிற படைப்போ முடிந்து எல்லோரும் ஊருக்குப் போன மறுநாள் இவை அனைத்தும் ஒரே மேடையில் இருக்கும். இவற்றுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக் கடையில் கேட்டால் தருவார்கள். மேலே சொன்ன பற்றையே அசிட்டோனுக்குப் பதில் பெராக்சைடு விட்டுக் குழைத்து, அதே முறையில் போடுங்கள். வெள்ளை மார்பிளுக்கு இது நன்றாகவே வேலை செய்யும். கருப்புக் கல்லிலும் ஆத்தங்குடியிலும் நிறம் வெளுக்குமா என்று மூலையில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். பெராக்சைடோடு வினிகரைச் சேர்க்காதீர்கள்.

மஞ்சளுக்கு இன்னொரு எளிய வைத்தியம் வெயில். மஞ்சளின் நிறம் சூரிய ஒளியில் தானாக வெளுக்கும். ஜன்னல் வெயில் மேடையில் விழுமானால், சோப்பால் துடைத்துவிட்டுச் சில நாள் விட்டுப் பாருங்கள். பற்றே தேவைப்படாமல் போகலாம். சோப்புப் பட்டதும் மஞ்சள் கறை சிவப்பாக மாறினால் பயப்பட வேண்டாம், காரத்துக்கு அது அப்படித்தான் மாறும். குங்குமம் கொட்டினால் ஈரத்துணியால் துடைக்காமல், முதலில் உலர்ந்த தூரிகையால் பொடியைக் கூட்டி எடுத்துவிடுங்கள்.

துருவும் களிம்பும்

ஷேவிங் ஃபோம் டப்பாவின் அடி, ஹேர்பின், பழைய பிளேடு, இரும்பு வாளி இவையெல்லாம் வளையமும் கோடுமாகத் துருவை விட்டுப்போகும். துருவுக்கு பிளீச்சிங் போடவே கூடாது. போகாதது மட்டுமில்லை, இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும். கிரானைட்டிலும் பீங்கானிலும் உப்புத்தூளும் எலுமிச்சையும் வைத்து அரை மணி நேரம் விட்டால் புதுத் துரு போய்விடும். பழசு என்றால் ஆக்சாலிக் அமிலம் கலந்த துரு நீக்கி கிடைக்கிறது. அது நஞ்சு, கையுறை இல்லாமல் தொடாதீர்கள். ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் கலந்த துரு நீக்கிகளும் சந்தையில் உண்டு. அவை கிரானைட்டையே அரிப்பவை, உடம்புக்கும் பேராபத்து. லேபிளைப் படிக்காமல் எதையும் வாங்காதீர்கள்.

மார்பிளில் துரு என்றால், மார்பிளுக்கென்றே விற்கிற அமிலமில்லாத துரு நீக்கியைத்தான் கேட்டு வாங்க வேண்டும். பூசியவுடன் துரு இருக்கிற இடம் ஊதா நிறமாக மாறும் வகை நல்லது, எங்கே வேலை நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். துரு ஏன் பிடிக்கிறது, எப்படித் தடுப்பது என்பதையும் ஆராய்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியிலேயே இருக்கிறது, 1953 முதல் இயங்கிவருகிறது. உலோகங்களை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நம் வீட்டு மேடையில் ஈரமான டப்பாவை வைக்காமல் இருக்க வேண்டியது நம் வேலை.

பித்தளை, செம்புப் பாத்திரங்களை மேடையிலேயே வைத்துப் புளி போட்டுத் துலக்குகிற வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. மார்பிளுக்கு இதைவிடக் கெடுதல் கிடையாது. புளி கல்லை அரிக்கும், செம்பின் களிம்பு பச்சையாக அந்த அரிப்புக்குள் இறங்கும். துலக்க வேண்டியதைக் கிணற்றடிக்கோ கருங்கல் துவைகல்லுக்கோ கொண்டுபோகச் சொல்லுங்கள். வேலைக்கு வருகிற அக்காவிடம் காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் அடுத்த முறை அவரே தட்டு வைத்து வேலை செய்வார். பச்சை ஏற்கெனவே இறங்கிவிட்டதென்றால் அம்மோனியா பற்று தேவைப்படும். கல் பாலிஷ் போடுகிறவரிடம் அந்த வேலையை விட்டுவிடுங்கள்.

பூஞ்சை

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பூட்டிக் கிடந்த வீட்டில், மேடையும் சுவரும் சேர்கிற சிலிகான் ஓரம் கருத்திருக்கும். ஒரு பங்கு பிளீச்சுக்குப் பத்து பங்கு தண்ணீர் கலந்து, பஞ்சில் நனைத்து ஓரத்தில் மட்டும் வைத்து, பத்து நிமிடத்தில் கழுவிவிடுங்கள். கருப்பு சிலிகானுக்கு உள்ளேயே போயிருந்தால் பழையதை வெட்டியெடுத்துப் புதிது பூசுவதுதான் வழி. செலவும் பெரிதாக ஆகாது.

ஒருபோதும் செய்யக் கூடாதது

பிளீச்சோடு ஆசிட்டோ கழிவறை கழுவும் திரவமோ வினிகரோ சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அம்மோனியா சேர்ந்தாலும் நச்சுவாயுதான். காற்றோட்டமில்லாத சிறு பாத்ரூமில் இது ஆளையே சாய்த்துவிடும். ஒரு பொருளைப் போட்டு வேலை நடக்கவில்லை என்றால், நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக் காயவிட்டு, அடுத்த நாள்தான் இன்னொன்றை முயல வேண்டும். கடையில் தளும்பத் தளும்ப பாட்டிலில் விற்கிற ஆசிட்டைப் பாத்ரூமுக்குள் கொண்டுவரவே வேண்டாம். மார்பிளையும் டைல் இடுக்குச் சிமெண்டையும் தின்றுவிட்டு, அதன் ஆவி குழாயின் குரோம் பூச்சையும் கெடுத்துவிட்டுப் போகும்.

ஏற்கெனவே ஆசிட் பட்டு மங்கிய மார்பிளுக்குக் கறை நீக்கி எதுவும் உதவாது. சிறு தடம் என்றால் மார்பிள் பாலிஷ் பவுடரை ஈரத்துணியில் தொட்டுத் தேய்த்துப் பார்க்கலாம். கை வைத்தால் பள்ளம் தட்டுப்படுகிறதென்றால் மெஷின் பாலிஷ்தான். நூறு வருஷத்துக் கல்லும் பாலிஷுக்கு அழகாகத் திரும்பி வரும், அதனால் பேர்த்தெடுத்துப் புதுக் கல் போடச் சொல்கிறவர் பேச்சை உடனே கேட்டுவிடாதீர்கள்.

கறை போன பிறகு

காய்ந்த மேடையில் ஒரு கரண்டித் தண்ணீர் விட்டு, பத்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். அந்த இடம் கருத்திருந்தால் கல் தண்ணீரைக் குடிக்கிறது, சீலர் பூச வேண்டும். கல்லுக்குள் இறங்கும் வகைச் சீலராகக் கேட்டு வாங்கி, பற்றுப் போட்ட இடமெல்லாம் இரண்டு நாள் நன்றாகக் காய்ந்த பிறகு பூசி, லேபிளில் சொன்ன நேரத்துக்குள் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். ஆத்தங்குடிக்குத் தேங்காயெண்ணெய் தடவுவது பழக்கம்தான், தரையில் அது நன்றாகவும் இருக்கும். ஆனால் எப்போதும் ஈரம் நிற்கிற வாஷ்பேசின் மேடைக்குச் சீலர்தான் என் தேர்வு. மார்பிளுக்கு எந்த எண்ணெயும் தடவாதீர்கள், மஞ்சளடித்துவிடும்.

எண்ணெய்க் கிண்ணத்துக்கும் ஷேவிங் டப்பாவுக்கும் ஒரு பீங்கான் தட்டு, குழாய்ப் பக்கத்தில் தொங்குகிற ஓர் உலர்ந்த துணி. தினமும் படுக்கப்போகும் முன் மேடையை ஒரு தரம் துடைத்துவிட்டால் உப்பு சேரவே சேராது.

வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறவர்கள் கூடுதலாகச் சில வேலைகள் செய்ய வேண்டும். பாத்ரூமுக்கு வருகிற வால்வை மூடிவிட்டு, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்துவிடுங்கள். மேடையில் ஒரு டப்பாகூட இருக்கக் கூடாது. வெண்டிலேட்டருக்கு வலை அடித்துத் திறந்தே வையுங்கள். தூசிக்குப் பயந்து செய்தித்தாள் விரிக்காதீர்கள். ஈரம் பட்டால் மை கல்லில் இறங்கும். துவைத்து உலர்த்திய பழைய வெள்ளை வேட்டி ஒன்றை விரித்துவிட்டுப் போங்கள்.